ஆறு பார்

மட்டம் என்றால் என் தொழிலில் உயர்வு.
மற்ற இடங்களில் அதை வசையாகச் சொல்வார்களாம்.
சொல்லட்டும்.

ரேசெக்னெ தாண்டி, ஏரிக்கு முதுகு காட்டும் வீடு.
அக்டோபர் கடைசி.
வாளித் தண்ணீரில் காலையில் ஒரு கண்ணாடித் தோல்.
பழைய பலகைத் தரையைப் பிடுங்கி எறிந்து
கான்கிரீட் போட்டிருந்தார்கள்.
பிடுங்கியபோது கிடைத்தவை ஜன்னல் விளிம்பில்:
பாட்டில் மூடிகள், ஒரு குழந்தைக் கரண்டி,
எலி கடித்த சதுரங்கக் குதிரை.

நானும் அனாதோல்ஸும்
இரண்டு நாள் தெர்மோகோல் பதித்தோம்.
பத்து சென்டிமீட்டர் கனம்,
விடுபட்ட இடுக்கில் நுரை பீய்ச்சி.
மண்ணுக்குள் இறங்கிப்போகும் சூடு
திரும்பி வராத கடன்.
சுவரோரம் நெடுக விரல் தடிமனில் ஒரு பட்டை:
சூடேறினால் தரையும் மூச்சு இழுக்கும்,
விலாவுக்கு இடம் விட வேண்டும்.
மேலே பாலித்தீன், மடிப்புக்கு மடிப்பு நாடா.
அதன்மேல் குழாய்,
போன வழிக்குப் பக்கத்திலேயே திரும்பி வரும் குழாய்,
மூன்று சுற்று, சுற்றுக்கு எண்பது மீட்டர்.

நீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினேன். ஆறு பார்.
முள் நின்றது. விளக்கை அணைத்தோம்.

காலை ஆறரைக்கு முள் மூன்றில்.
ஏழரைக்குக் கலவை லாரி.

பாலித்தீன்மேல் ஒரு சொட்டு இல்லை.
குடித்தது எதுவோ, அடியில் குடித்திருக்கிறது.
பூட்ஸைக் கழற்றி
குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே பாதம் வைத்து நடந்தேன்.
அடுப்புக்கு எதிரே, மூன்றாம் சுற்றில்,
நாங்கள் போடாத ஒரு திருகு.
அது பிடித்திருந்தது ஒரு தோல் பட்டையை.
பட்டையில் பித்தளைத் தகடு.
தகட்டில்: கிரான்சிஸ்.

விஸ்வால்டிஸ் வாசலில் நின்றார்.
ஐம்பத்தெட்டு வயது, காட்டில் மரம் அறுக்கும் எந்திரம் ஓட்டுபவர்,
குல்லாயைப் பிசைந்துகொண்டு.
"எப்போதும் அங்கேதான் படுப்பான்."
கொஞ்சம் கழித்து,
"பிருதாவிடம் சொல்ல வேண்டாம்."
பிருதா அவருக்குப் பின்னால்தான் நின்றாள், காப்பிக் கெண்டியோடு.

லாரிக்காரனிடம் ஒரு மணி நேரம் கடன் கேட்டேன்.
குழாயை வெட்டி, பித்தளை இணைப்பு நுழைத்து நெரித்தேன்.
வரைபடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி:
சுவரிலிருந்து ஒன்று நாற்பது, ஜன்னலிலிருந்து இரண்டு பத்து.
கிழிசலுக்கு நாடா;
மறந்தால் கலவை அடியில் புகுந்து
தெர்மோகோலைப் படகாக்கிவிடும்.
அனாதோல்ஸ் வாய்விட்டுத் திட்டினான்,
யாரையென்று சொல்லாமல்.
மறுபடி அழுத்தம்.
காப்பி ஆறியது.
முள் ஆறிலேயே நின்றது.

பட்டை இப்போது பிருதா கையில்.
"சும்மா வைத்தால் மிதக்கும்," என்றேன்,
"இந்தக் கூழுக்குள் லேசானது எதுவும் அடங்கிக் கிடக்காது."
தகடு உரசாதபடி மேல்நோக்கித் திருப்பி
அவளே குழாயோடு சேர்த்துக் கட்டினாள்.
இரண்டு கட்டு. யோசித்துவிட்டு மூன்றாவது.

பிறகு சாம்பல் நிறத்தில் வந்தது,
மூலைகளைத் தானே தேடிப் போனது.
கம்பியால் அலைத்தேன்,
குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை,
குமிழிகள் வெடித்து அடங்கும்வரை.
தகடு கடைசியாக ஒருமுறை மினுங்கியது
என்று எழுத ஆசைதான்.
அந்த நேரம் நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு வாரம் உலர்ந்தது.
அப்புறம் ஒரு நாளைக்கு ஐந்து டிகிரி, அதற்குமேல் கூடாது
என்று குளிர்பதனப் பெட்டிமேல் எழுதி ஒட்டியிருந்தேன்.
பிப்ரவரியில் பிருதா படம் அனுப்பினாள்:
ஓடு பதித்த தரை, அதில்
யார் வீட்டுப் பூனையோ, நாலு காலையும் நீட்டி.
ஓடுகளை எண்ணிப் பார்த்தேன்.
சிவப்புக் குறியிலிருந்து அரை மீட்டர் தள்ளி.

என் வீடு மூன்றாம் மாடி.
ஜன்னலடியில் ஒரு ரேடியேட்டர், இரவில் இருமும்.
தரைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது.
இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு நடக்கிறேன்.